தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

இந்த ஜொகூர் மாநிலத்தில் எங்கள் தவிட்டம்மாவைப் போலப் பிள்ளைகளை வாங்கிக் குவித்தவர் வேறு யாரும் கிடையாது. அவர் பெற்றது ஒன்றுகூட இல்லை. வாங்கியது எத்தனை என்று அவருக்கே தெரியாது. தம்போயில் எங்கள் பிளாட்டின் எல்லா மாடியிலும் அவர் வாங்கிய பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். ஒருவனுக்குத் தலையில் பாதி முடி போய்விட்டது. ஒருத்தி தாதியாக வேலை பார்க்கிறாள். இன்னொருவன் லாரி ஓட்டுகிறான், அவன் வயிறு அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

இதைப் படித்தவுடன் உங்களுக்குத் திக்கென்று இருக்கும். இருக்கட்டும். இதே பேச்சைக் கேட்டு ஊரே திக்கென்று நின்ற கதையைத்தான் சொல்ல வருகிறேன். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம்தான் உட்கார்ந்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் யாரிடமும் கொடுத்து எழுதி வாங்க மாட்டேன். நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

எங்கள் தோட்டத்து வழக்கம் இது. ஒரு பிள்ளைக்கு ஓயாமல் நோய் வந்தாலும், அதற்கு முன்னால் பிறந்தவை தங்காமல் போயிருந்தாலும், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் வேறொருவருக்கு விற்றுவிடுவார்கள். விலை, கொஞ்சம் தவிடு. ஒரு பிடி தவிட்டுக்குப் போன பிள்ளையை எந்தக் கெட்டதும் மதிக்காது, திரும்பிப் பார்க்காமல் போய்விடும் என்று நம்பிக்கை. பிள்ளை பெற்றவள் மடியில்தான் வளரும். ஆனால் பேச்சுக்கு வாங்கியவர் பிள்ளை. பெரியவனானதும், தாலி கட்டுவதற்கு முன்னால், அதே தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

மற்றவர்கள் இதைச் சடங்காகச் செய்வார்கள். தவிட்டைக் கொடு, பிள்ளையைத் தொடு, முடிந்தது, காப்பி குடி. தவிட்டம்மா அப்படி இல்லை. அவருக்கு அது நிஜ வியாபாரம். பசாரில் மீன் வாங்குகிற மாதிரி பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"மூக்கா இது? கொழுக்கட்டையைச் சுவத்துல எறிஞ்ச மாதிரி இருக்கு. காது ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் போகுது. அழுகையைப் பாரு, பழைய மோட்டார் ஸ்டார்ட் ஆகாத மாதிரி. இதுக்கு முழு டின்னு தவிடா? மனசாட்சி இருக்கா ஒனக்கு?"

டின் என்றால் பால்மாவு டின். கோழித்தீவனக் கடையில் தவிடு வாங்கி அதில் நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். அரிசி கொடுத்தால் என்ன என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அரிசி குடுத்தா பிள்ளைக்கு மதிப்பு வந்துரும் பாக்கியம், தெரியாம பேசாத" என்று ஒரே வெட்டாக வெட்டினார். என் பிள்ளைகளை நான் விற்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை இரண்டும் பிறந்தபோதே பலாப்பழம் மாதிரி இருந்தன, விற்க அவசியம் வரவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு சமயம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிற தகப்பன் ஒருவன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளையை விற்க வந்தான். வழக்கம் தெரியாதவன். தவிட்டம்மா மூக்கில் ஆரம்பித்ததும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஹலோம்மா, என் பிள்ளை மூக்குக்கு என்ன கொறைச்சல்? எங்கப்பா மூக்கு அது!"

"அப்ப ஒங்கப்பனுக்கே வித்துக்க" என்று சொல்லிவிட்டுத் தவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெற்றவள் ஓடிப்போய்க் கெஞ்சினாள். கடைசியில் அந்த மனிதன் வாசலில் நின்று, "ஆமாம்மா, மூக்கு மோசம்தான்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"காது?"

"காதும் மோசம்."

"சத்தமா சொல்லுய்யா. கேக்க வேண்டியவங்களுக்குக் கேக்கணும்."

அவன் சத்தமாகச் சொன்னான். மூன்றாம் மாடி வரை கேட்டது. பிள்ளைக்குக் கால் டின் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளை இப்போது இடைநிலைப்பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறான். மூக்கு அப்படியேதான் இருக்கிறது.

லாரி ஓட்டுகிற சேகரின் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கோயில் மண்டபத்தில் மேளம் கொட்டுகிறது, ஐயர் தாலியை எடுத்துவிட்டார். தவிட்டம்மா விறுவிறுவென்று மணவறை ஏறி மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்தார்.

"ஐயரே, நிறுத்துங்க. சரக்கு என்னுது."

மேளம் நின்றுவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரு இந்தம்மா? மாப்பிள்ளைக்கு முன்னாடியே ஏதாச்சும் இருக்கா?" என்று பக்கத்தில் நின்றவரின் சட்டையைப் பிடித்தார். சேகரின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். திருப்பி வாங்க மறந்துவிட்டாள். கல்யாண மண்டபத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? ஒருவன் மோட்டாரில் கோழித்தீவனக் கடைக்குப் பறந்தான். அவன் வருகிற வரைக்கும் மேளக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்துத் தீர்த்தார்கள். தவிடு வந்தது. தவிட்டம்மா அதை விரலால் நெருடிப் பார்த்து, "கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு, போவட்டும், எடுத்துக்கங்க அவனை" என்று இறங்கினார். முதல் அட்சதையை அவர்தான் போட்டார். போட்டுவிட்டு அழுதார். ஏன் என்று கேட்டதற்கு, வியாபாரத்தில் நஷ்டம் என்றார்.

இதெல்லாம் எப்போதாவது நடப்பது. தினப்படிப் பிழைப்புக்கு அவர் பிள்ளை பார்த்தார். எங்கள் பிளாட்டில் பாதிப் பெண்கள் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை. தொழிற்சாலை பஸ் விடியுமுன் வந்து முனையில் நிற்கும். தூக்கத்தில் இருக்கிற பிள்ளைகளைத் துணியோடு சுற்றிக் கீழ்வீட்டில் தவிட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அந்த வீட்டுக் கதவை நான் பகலில் மூடிப் பார்த்ததே இல்லை. நாள் முழுக்கப் பிள்ளைச் சத்தமும், அதற்கு மேல் அவருடைய சத்தமும் கேட்கும்.

இனி மலர் விஷயத்துக்கு வருகிறேன்.

மலர் இரண்டாம் மாடியில் இருக்கிறவள். அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பையன் பிறந்தான், கோழிக்குஞ்சு மாதிரி. மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில். அவளுடைய மாமியார்தான், டாக்டர் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், இதையும் செய்துவிடுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையைக் கீழே கொண்டு வந்தார். நானும் நின்றிருந்தேன்.

தவிட்டம்மா அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். மூக்கு, காது, முழங்கால் எல்லாவற்றையும் திட்டினார். மலர் அழுதுகொண்டே நின்றாள். அது விற்கிற அழுகை இல்லை, போன இரண்டையும் நினைத்து அழுத அழுகை. எங்களுக்கெல்லாம் அது தெரியும்.

"அரை டின்னுக்கு மேல ஒரு பிடி தர மாட்டேன். குடுத்தா குடு, இல்லாட்டி எடுத்துட்டுப் போ. நான் எத்தனை பிள்ளை வாங்கினவ! எத்தனைன்னு எனக்கே தெரியாது. என்கிட்ட வெல பேசுறியா?"

மலரின் நாத்தனார் சாந்தி வார லீவில் வந்திருந்தாள். அவள் சிரித்துக்கொண்டே இதைப் போனில் படம் பிடித்தாள். பிடித்து, "எங்க மருமகனை வித்தாச்சு!" என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளையும் போட்டு, குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள். சந்தோஷத்தில் செய்தாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த வாரம் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரச் சீனர் என்னை இருபது வருஷமாகத் தெரிந்தவர். மலாயில்தான் பேசுவோம். கெம்போங் மீனை நிறுத்துக்கொண்டே, "அக்கா, ஒங்க பிளாட்டுல பிள்ளை விக்கிறாங்களாமே?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினார்.

ஐயோ! எங்கள் தவிட்டம்மா! முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதற்கு ஒரு அம்புக்குறி வேறு. படத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் யாரோ வெட்டிவிட்டார்கள். மலர் அழுகிறாள், தவிட்டம்மா விலை பேசுகிறார், டின் கை மாறுகிறது, அதோடு முடிந்துவிட்டது. பிள்ளையை மறுபடி மலர் மடியில் வைத்ததும், எல்லோரும் காப்பி குடித்ததும் இல்லவே இல்லை. போனில் மட்டும் வருகிற ஒரு மலாய்ச் செய்திப் பக்கம் அதை எடுத்துப் போட்டிருந்தது. மீன்காரர் படித்துச் சொன்னார். தம்போயில் குழந்தை வியாபாரம் நடக்கிறதாம். அழும் தாயிடம் ஒரு மூதாட்டி பேரம் பேசுகிறாளாம். பிள்ளைக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது ஒரு கிலோ பழுப்பு நிறத் தூளாம்.

"தூளா?" என்றேன்.

"தூள்" என்று அவர் மூக்கில் உறிஞ்சிக் காட்டினார்.

மீனை வாங்காமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் அதே பேச்சு. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். நாற்பது பிள்ளை என்றாள் ஒருத்தி. எல்லாம் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டது என்றாள் மற்றவள். நான் இறங்கும்போது அது நானூறாகிவிட்டது, ஒரு டாக்டரும் கூட்டில் சேர்ந்துவிட்டார். எந்த டாக்டர்? அந்தப் படத்தில் இருந்தது தவிட்டம்மா, மலர், பிள்ளை, டின். ஒரு மூலையில் என் முழங்கை. இவ்வளவுதான். என் முழங்கையைத்தான் டாக்டர் ஆக்கிவிட்டார்களோ என்னவோ.

வீட்டுக்கு ஓடி வந்து தவிட்டம்மாவிடம் சொன்னேன். அவரிடம் இருப்பது பட்டன் போன், படம் வராது. பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஒரு கிலோ தூள் குடுத்தேன்னா போட்டிருக்கான்?"

"ஆமாக்கா."

"அரை டின்னுதானே குடுத்தேன்! அந்தக் கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ குடுக்க நான் என்ன ஏமாந்தவளா? எவன் எழுதினான் அதை?"

அவருக்கு அதுதான் கோபம். மற்றது எதுவும் அவருக்குள் போகவில்லை.

மறுநாள் போலீஸ் வந்தது. மலாய்க்கார சார்ஜன் ஒருவரும் இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவரும். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"மக்சிக், நீங்க பிள்ளை வாங்கினீங்களா?" என்று மலாயில் பெரியம்மா முறை வைத்துக் கேட்டார் சார்ஜன்.

நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமா, வாங்கினேன்" என்றார் தவிட்டம்மா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"எத்தனை?"

"யாரு எண்ணினா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தப் பிள்ளைங்க இப்ப எங்க?" என்றார் சார்ஜன், குரலை இறக்கி.

தவிட்டம்மா படிக்கட்டுப் பக்கம் போய் மேலே பார்த்து, "டேய் சேகரு! கீழ வாடா!" என்று கத்தினார். இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த சேகர், கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு, வயிற்றைச் சொறிந்துகொண்டே இறங்கி வந்தான். "என்னம்மா, இப்பத்தானே படுத்தேன்" என்றவன் போலீஸைப் பார்த்ததும் சொறிவதை நிறுத்தினான்.

"இவன் ஒண்ணு" என்றார் தவிட்டம்மா.

சார்ஜன் சேகரைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார். மறுபடி தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இந்தக் குழந்தையை எப்ப வாங்கினீங்க?"

"பொறந்து பதினாறாம் நாளு. கால் டின்னு தவிடு. அப்பவே அதிகம்னு சொன்னேன், கேக்கல."

கான்ஸ்டபிள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பிறகு நான் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் முதலிலிருந்து சொன்னேன். மலரும் வந்து, பிள்ளையைக் காட்டி, ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டினாள். சார்ஜன் டின்னைத் திறந்து முகர்ந்தார்.

"அலாமாக், இது டெடாக்! எங்கம்மா கோழிக்குப் போடுவாங்களே!"

டெடாக் என்றால் மலாயில் தவிடு. அவர்கள் வீட்டிலும் பிள்ளைக்கு ஓயாமல் நோய் வந்தால் பெயரை மாற்றி வைப்பார்களாம், அவரே சொன்னார். பொய்ச் செய்தி போட்டவர்கள் மேல் புகார் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரத்தில் போலீஸுக்குப் புரிந்துவிட்டது.

ஊருக்குப் புரியவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

மலரின் புருஷன் குமரன் அந்தச் செய்திப் பக்கத்துக்குப் போன் போட்டான். எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தான். ஒரு தமிழ்ப் பையன் பேசினான், குரலைக் கேட்டால் நல்ல பிள்ளை மாதிரிதான் இருந்தது.

"நாங்க 'கூறப்படுகிறது'ன்னுதான் போட்டிருக்கோம் பிரதர். படிக்கலையா?"

"யாருய்யா கூறினது?"

"வீடியோதான் கூறுது லா."

நான் போனை வாங்கினேன். "தம்பி, ஒரு தடவை இங்க வந்து பாத்துட்டு எழுதியிருக்கலாமில்ல?"

"நான் கேஎல்ல இருக்கேன் ஆண்ட்டி. அவ்ளோ தூரம் எப்படி வர்றது?"

"நீ எழுதினது மட்டும் வந்துருச்சே!"

அதற்கு அவன், சரிசெய்து போடுகிறோம் என்றான். சரி செய்தார்கள். எப்படித் தெரியுமா? முதலில் 'குழந்தை வியாபாரம்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தார்கள். அப்புறம் இரண்டு நாள் கழித்து, போலீஸ் விசாரித்தது, குற்றம் ஒன்றும் இல்லை என்று நாலு வரி போட்டார்கள். அதற்கும் அதே படம்தான். அதே சிவப்பு வட்டம்தான். வட்டத்தைப் பார்த்தவர்கள் வரியைப் படிக்கவில்லை. கிழவியைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று அதையும் ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். அவ்வளவு படித்தவர்களுக்கு ஒரு வட்டத்தை அழிக்கத் தெரியவில்லையே!

மலரைத் தொழிற்சாலையில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டித் தப்பித்தாள். தவிட்டம்மாவிடம் காட்ட என்ன அட்டை இருக்கிறது?

பிள்ளைகளைக் கொண்டு வந்து விடுகிற தாய்மார்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். ஒருத்தியும் சண்டை போடவில்லை. எல்லோரும் நல்ல மாதிரியாகவே பொய் சொன்னார்கள்.

"இந்த வாரம் லீவு எடுத்திருக்கேன் பெரியம்மா."

"எங்கம்மா வந்திருக்காங்க, அவங்க பாத்துக்கிறேன்னுட்டாங்க."

"அவருதான் வேணாங்கிறாரு. எனக்கு ஒண்ணும் இல்ல."

அப்படிச் சொன்ன ஒருத்தியே தவிட்டம்மாவிடம் வளர்ந்தவள். விடிகாலையில் அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டைத் தாண்டிப் போவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாதென்று மெதுவாக நடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவரை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். திருநீறு வாங்க நின்ற இடத்தில் பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை. பிள்ளை தவிட்டம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பெண் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். தவிட்டம்மா பார்த்துவிட்டார். நான் திட்டியிருப்பேன், என் கையைப் பிடித்து அழுத்திவிட்டார்.

அன்றைக்கு மூடிய கதவுதான். பகலிலும் திறக்கவில்லை.

நான் தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுப்பேன். கொஞ்சமாகக் கதவைத் திறந்து வாங்கிக்கொள்வார். ஒருநாள் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது, "கொழம்பு நல்லா இருந்துச்சு பாக்கியம்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷி என் குழம்பை நல்லா இருக்கு என்று சொன்னதே இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு நான் கட்டிய பட்டுச் சேலையைப் பார்த்து, ஜன்னலுக்குப் போட வேண்டியதை ஏன் சுற்றிக்கொண்டு வந்தாய் என்று கேட்டவர் அவர். நல்லா இருக்கு என்று சொல்கிறார் என்றால் ஆள் உள்ளே முடிந்துகொண்டு வருகிறார் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கழுவாமல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மலர் ஒருநாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். "அம்மா, ஒங்க பிள்ளை வந்திருக்கான். பாத்துக்கங்க. நான் போய்த் தூங்கணும்."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "எடுத்துட்டுப் போ மலரு. என்னால ஒன் பேரும் கெட்டது போதும்."

"எம்பேரு கெட்டா கெடட்டும். கதவைத் தொறங்கம்மா."

"சொன்னா கேளு. போ."

மலர் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிள்ளை கதவைப் பார்த்துக் கையை ஆட்டினான். பிறகு போய்விட்டாள். நான் தட்டினேன், எனக்கும் திறக்கவில்லை. அன்றைக்குச் சோற்றையும் வாங்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பழைய கார் வந்து நின்றது. இளவயதுப் புருஷன் பெண்டாட்டி இறங்கினார்கள். பெண் கையில் ஒரு துணி மூட்டை. என்னைப் பார்த்து நேராக வந்தாள்.

"பெரியம்மா, இங்க பிள்ளை வாங்குற அம்மா வீடு எது?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஈரத்துணியை முறுக்கிக்கொண்டு திரும்பினேன். "யாரும்மா நீ? படம் புடிச்சுப் போட வந்தியா? இன்னும் எத்தனை பேருடா கெளம்பியிருக்கீங்க? போன் எங்க? எடு வெளிய!"

அவள் பயந்து பின்னால் போனாள். புருஷன் முன்னால் வந்தான். "இல்ல பெரியம்மா, நாங்க பாலோவுலேருந்து வர்றோம். போன் கார்லதான் இருக்கு." மூட்டையை விலக்கிக் காட்டினான். உள்ளே ஒரு குழந்தை. பெண் குழந்தை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு காய்ந்துபோய், மூச்சு இருக்கிறதா என்று நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?"

"குளுவாங்குலயும் காட்டினோம், ஜேபி பெரிய ஆஸ்பத்திரியிலயும் காட்டினோம். மருந்து ஓடிட்டுத்தான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். "இதுக்கு முந்தி ஒண்ணு போயிருச்சு. அந்த வீடியோவைப் பாத்துட்டுத்தான் வந்தோம்."

"பாத்தியா? கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிச்சேன் பெரியம்மா. பயமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி வந்த?"

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "திருப்பித் திருப்பிப் பாத்தேன். அந்தம்மா திட்டிக்கிட்டேதான் பிள்ளையைத் தூக்குறாங்க. ஆனா தலைக்கு அடியில கையைக் குடுத்துட்டுத்தான் தூக்குறாங்க. கீழ வைக்கிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்ல."

நான் அந்தப் படத்தைப் பசாரில் பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன், எத்தனை பேர் கையிலோ பார்த்தேன். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்களோ தெரியாது. எல்லோர் கண்ணும் அந்தச் சிவப்பு வட்டத்துக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டது. வட்டத்துக்கு வெளியே இருந்த கையை இவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். துணியைக் கொடியில் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் தட்டினேன். "அக்கா, ஆளு வந்திருக்காங்க."

மறுபடியும் தட்டினேன்.

"பாலோவுலேருந்துக்கா. பிள்ளை விக்க வந்திருக்காங்க."

உள்ளேயிருந்து, "நான் வாங்குறதில்லைன்னு சொல்லு. கடையை மூடிட்டாங்கன்னு சொல்லு" என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இதற்கு மேல் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. மேல்மாடிகளில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. பிள்ளை விட வராமல் நின்றுபோன தாய்மார்களும் நின்றார்கள். மலரும் நின்றாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அழுகை என்று சொல்ல முடியாது, காய்ந்த தொண்டையில் ஒரு கீச்சுச் சத்தம். நின்று நின்று வந்தது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"என்ன அழுகை இது? தகர டப்பாவுல ஆணியைப் போட்டு உருட்டுற மாதிரி!"

தாழ்ப்பாள் விலகியது. தவிட்டம்மா கதவுக்கு நடுவில் நின்றார். தலை வாரியிருக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மேல்மாடித் தலைகளையும் பார்க்காமல், கையை நீட்டினார். அந்தப் பெண் குழந்தையைக் கொடுத்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு அடியில்தான் போனது.

"இதைத் தூக்கிக்கிட்டா பாலோவுலேருந்து வந்தீங்க? காரு எண்ணெய் தண்டம். கழுத்தைப் பாரு, கீரைத்தண்டு. நெறம் ஒரு பக்கம் ஒரு மாதிரி இருக்கு. சொல்லும்மா, என்ன வெல எதிர்பாக்குற?"

அந்தப் பெண்ணுக்கு விவரம் தெரிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பாத்துக் குடுங்கம்மா. மோசமான பிள்ளைதான்" என்றாள்.

"சத்தமா சொல்லு."

"மோசமான பிள்ளை!"

மலர் மேலேயிருந்து இறங்கி ஓடி வந்து டின்னை எடுக்க உள்ளே போனாள். கால் டின் தவிட்டுக்குக் குழந்தை கைமாறியது. யாரும் போனை எடுக்கவில்லை.

எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மலர் மறுநாளே பிள்ளையை விட்டாள், அப்புறம் இன்னும் இரண்டு பேர். சிலர் இன்றுவரை வரவில்லை. அந்தப் படம் இப்போதும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வீட்டுக்கு வந்தேன். கீழ்வீட்டிலிருந்து அவர் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசி எடுத்தது.